மேய்ப்பர்கள் சந்தோஷமாகப் போனார்களா?

நான் செரெங்கெட்டியைப் பார்த்ததில்லை. ஆனால் அங்கிருந்து மாட்டுக்காரர்களை வெளியேற்றியதில் எனக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. தொலைபேசியில் "ஆமா" என்று ஒரே ஒரு சொல் சொல்லி அந்தக் காரியத்தைச் செய்தேன். செய்த இடம் மலாக்கா, காஜா பெராங்கில் ஒரு கோப்பிக் கடை.

நிருபர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் பழைய ஆட்கள் வழக்கமாகச் சொல்வது தீ, வெள்ளம், தேர்தல் கதைகளை. அவற்றில் தவறு செய்தால் மறுநாளே பத்துப் பேர் அடிக்க வருவார்கள். அந்தப் பயத்தில் நீங்களே கவனமாக இருந்துகொள்வீர்கள். நான் சொல்லப்போவது ஞாயிறு மலரின் ஆறாம் பக்கத்தைப் பற்றி. தூரத்து நாடுகளும் விலங்குகளும் வரும் பக்கம் அது. அடிக்க வரும் தூரத்தில் யாரும் இல்லை என்று நாம் நம்பும் பக்கம்.

அப்போது எங்களுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆப்பிரிக்காவில் நாடுகள் வரிசையாகச் சுதந்திரம் பெற்றுக்கொண்டிருந்தன. நாங்கள் நான்கு வயது மூத்தவர்கள் என்ற தோரணையில் அவற்றை வாழ்த்திக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு புது நாட்டுக்கும் ஞாயிறு மலரில் ஒரு தொடர் போடுவது என்று கோலாலம்பூரில் இருந்த எங்கள் துணையாசிரியர் முடிவு செய்தார். டாங்கனீக்கா என் பங்குக்கு வந்தது. ஏன் எனக்கு என்று கேட்டேன்.

"நீ குடியிருக்கிற எடத்துக்குப் பேரே கோவக்கார யானை. ஆப்பிரிக்காவுக்கு ஒன்னைவிட்டா வேற யாரு இருக்கா?" என்றார்.

காஜா பெராங்கில் நான் பார்த்த பெரிய மிருகம் மாடுதான். அதை அவரிடம் சொல்லவில்லை.

நகர நூலகத்தில் அந்த நாட்டின் செரெங்கெட்டி தேசியப் பூங்காவைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறு புத்தகமும் படங்கள் நிறைந்த இரண்டு சஞ்சிகைகளும் கிடைத்தன. இந்த மூலதனத்தோடு ஒரு கண்டத்தின் வரலாற்றை எழுத உட்கார்ந்தேன். முதல் வாரம் சிங்கம். வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் மோட்டார் காரில் உட்கார்ந்தபடியே சிங்கங்களைச் சுட்டுத் தள்ளியதையும், இப்படியே போனால் சுடுவதற்கு ஒன்றும் மிஞ்சாது என்ற கவலை அவர்களிலேயே சிலருக்கு வந்ததையும், முதலில் கொஞ்ச இடத்தில் வேட்டை தடுக்கப்பட்டுப் பிறகு அது தேசியப் பூங்காவாக வளர்ந்ததையும் எழுதினேன். இரண்டாம் வாரம், வரிக்குதிரையைப் போலக் கோடு தீட்டிய குட்டி விமானத்தில் பறந்து விலங்குகளைக் கணக்கெடுத்தவர்களைப் பற்றி எழுதினேன். வாசகர் கடிதங்கள் வந்தன. சிங்கத்துக்கும் புலிக்கும் சண்டை வந்தால் யார் ஜெயிப்பார் என்று புக்கிட் பாருவிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். நான் பதில் எழுதவில்லை. அந்த அளவுக்கு எச்சரிக்கை என்னிடம் இருந்தது.

மூன்றாம் வாரம் மனிதர்கள். அவர்களை மூன்றாம் வாரம்வரை காக்க வைத்ததிலேயே கோளாறு தொடங்கிவிட்டது.

அந்தச் சமவெளியில் மாசாய் என்ற மக்கள் மாடு மேய்த்து வாழ்ந்தார்கள். மாடுகள் மேய்ந்தால் புல் அழியும், புல் அழிந்தால் காட்டு விலங்குகள் அழியும் என்றார்கள் அதிகாரிகள். பல ஆண்டுகள் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் வரைபடத்தில் ஒரு கோடு போட்டார்கள். கோட்டுக்கு மேற்கே விலங்குகளுக்கு மட்டும் பூங்கா. கிழக்கே நொரொங்கோரோ என்ற மலைப்பகுதியில் விலங்குகளும் இருக்கலாம், மாசாய்களும் தங்கள் மாடுகளோடு இருக்கலாம். மாசாய்ப் பெரியவர்கள் சிலர் கையொப்பமிட்டார்கள். மேற்கே இருந்தவர்கள் வெளியேறினார்கள்.

இதுவரை அதிகாரிகள் சொன்னது. மேய்ப்பர்கள் சொன்னதும் அந்தப் புத்தகத்தில் கொஞ்சம் இருந்தது. தலைமுறை தலைமுறையாக எங்கள் மாடுகளும் காட்டு விலங்குகளும் ஒரே தண்ணீரைக் குடித்தன, நாங்கள் அவற்றைக் கொன்று தின்னவில்லை, சிங்கத்தைச் சுட்டுத் தீர்த்தது நாங்களா என்று கேட்டிருந்தார்கள். அதையும் நான் எழுதினேன். எழுதிக் கடைசிப் பத்தியில் வைத்தேன்.

இங்கே நம் தொழில் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். முக்கியமானதை மேலே வை, இடம் போதாவிட்டால் நாங்கள் கீழிருந்து வெட்டிக்கொள்கிறோம் என்று முதல் நாளே சொல்லிக் கொடுப்பார்கள். அச்சுக் கோப்பவர் கடைசி வரிகளை அப்படியே தூக்கி எடுத்துவிடுவார். படித்துப் பார்க்க மாட்டார். இது எனக்கு என் பெயரைப் போல் தெரியும். தெரிந்துதான் மாசாய்களைக் கடைசியில் வைத்தேன். அவர்கள் முக்கியமில்லை என்று நினைத்தேனா என்றால், இல்லை. எதையும் நினைக்கவில்லை. கை தானாக அவர்களை அங்கே கொண்டுபோய் வைத்தது.

சனிக்கிழமை காலையில் கோப்பிக் கடைக்குத் தொலைபேசி வந்தது. அந்த வட்டாரத்தில் எங்களுக்கெல்லாம் அந்த ஒரு தொலைபேசிதான். எனக்குப் பின்னால் நான்கு பேர் காத்திருந்தார்கள். ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தார்.

"ஒன் கடைசிப் பத்தி போச்சு," என்றார் துணையாசிரியர். "தலைமுடித் தைல விளம்பரம் வந்துருச்சு. நாலு அங்குலம்."

"சரிங்க."

"மொட்டையா நிக்குது. முடிக்க ஒரு வரி போடணும். அந்த மாட்டுக்காரங்க சந்தோஷமாத்தான போனாங்க?"

பின்னால் இருந்தவர் மறுபடியும் செருமினார்.

"ஆமா," என்றேன்.

'மேய்ப்பர்களும் தங்கள் மாடுகளுடன் மகிழ்ச்சியாக இடம் பெயர்ந்தனர்' என்று கட்டுரை முடிந்தது. அதற்குக் கீழே நீண்ட கூந்தலோடு ஒரு பெண் சிரித்தாள். அரசாங்கம் மாசாய்களை ஒரு முறை வெளியேற்றியது. நாங்கள் தைலத்துக்காக இன்னொரு முறை வெளியேற்றினோம்.

புதன்கிழமை காலையில் என் வீட்டு வாசலில் ஒரு மாட்டின் தலை தெரிந்தது. அதன் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அஞ்சலை நின்றார். காஜா பெராங்கில் பாதிப் பேருக்கு அவர் கொண்டுவரும் பாலில்தான் காலைக் கோப்பி. அவருக்கும் கணவருக்கும் ஏழு மாடுகள் இருந்தன. கணவர் மாடுகளிடம் பேசுவார். மனிதர்களிடம் பேசுவது அஞ்சலையின் பொறுப்பு.

"பேப்பர்ல எழுதுற தம்பி நீங்கதான?"

"ஆமாக்கா."

"ஆப்பிரிக்காவுல மாட்டுக்காரங்க எல்லாம் சந்தோஷமா போயிட்டாங்கன்னு நீங்கதான் எழுதுனீங்களாம்?"

"ஆமாக்கா."

"போய்ப் பாத்தீங்களா?"

"இல்லக்கா."

"அப்புறம் சந்தோஷம்னு எப்புடித் தெரியும்? சிரிச்சுக்கிட்டே போனாங்களா?"

நான் நாற்காலியை எடுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை. மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார்.

"இந்த சூராட்டப் படிங்க."

மலாயில், மரியாதையான மொழியில் எழுதிய கடிதம். காஜா பெராங்கை அழகுபடுத்துவதற்காக அக்கம்பக்கத்தார் சேர்ந்து ஒரு குழு அமைத்திருந்தார்கள். பாடாங் என்று நாங்கள் சொல்லும் சாலையோரத் திடலைப் பூங்காவாக்க அனுமதியும் வாங்கியிருந்தார்கள். அஞ்சலையின் மாடுகள் மேய்ந்தது அந்தத் திடலில். மாடுகளை ஊருக்கு வெளியே புக்கிட் பாருவில் தரும் இடத்துக்குக் கொண்டுபோய்விட வேண்டும், அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கூட்டத்தில் இதை இறுதி செய்கிறோம், ஏதேனும் சொல்ல விரும்பினால் அன்று வந்து சொல்லலாம் என்றது கடிதம்.

"இதுல என் கட்டுரை எங்கக்கா வந்துச்சு?"

"முந்தாநாள் கூட்டத்துல ஒங்க பேப்பர ராவுத்தர் படிச்சுக் காட்டுனாராம். ஆப்பிரிக்காவுலயே பூங்காவுக்குன்னு மாட்ட எல்லாம் ஓட்டி விட்டாங்க, அவங்களும் சந்தோஷமா போயிட்டாங்க, இந்தம்மாவுக்கு மட்டும் என்ன வந்துச்சுன்னு கேட்டாராம். எல்லாரும் சரிசரின்னுட்டாங்க. இப்ப நான் சந்தோஷமா போவணுமாம்."

ராவுத்தர் ஜாலான் பெண்டஹாரா என்ற கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். குடியிருந்தது காஜா பெராங்கில், திடலுக்கு எதிரே. எங்கள் நாளிதழை முதல் பக்கத்து விலாசத்திலிருந்து கடைசிப் பக்கத்து அச்சகப் பெயர்வரை படிக்கும் வாசகர். அப்படிப்பட்ட வாசகர் வேண்டும் என்றுதான் நாம் எல்லாரும் ஆசைப்படுகிறோம்.

"புக்கிட் பாருவுல எடம் தர்றாங்கல்ல, போனா என்னக்கா?" என்று கேட்டேன். இப்படி ஒரு கேள்வியை நீங்கள் யாரிடமும் கேட்காதீர்கள்.

"டின் பாலு எந்தக் கடையில இல்ல தம்பி? என் பாலு ஆறு மணிக்கு வாசல்ல நிக்கிதுன்னுதான் வாங்குறாங்க. புக்கிட் பாருல கறந்து எடுத்துக்கிட்டு நான் நடந்து வந்து சேர்றதுக்குள்ள எல்லாரும் கோப்பி குடிச்சிட்டு வேலைக்குப் போயிருப்பாங்க. ஒரு வாரம் பாப்பாங்க. அப்புறம் டின்னுதான். ஏழு மாட்ட வச்சுக்கிட்டு நான் யாருக்குக் கறக்குறது?"

மாடு என் வாசல் கதவை நக்கிப் பார்த்தது. பிடிக்கவில்லை.

"அந்தப் பொஸ்தகத்த எடுத்துட்டு வாங்க," என்றார் அஞ்சலை. "என்னதான் போட்டிருக்குன்னு எனக்குப் படிச்சுச் சொல்லுங்க."

நான் புத்தகத்தை எடுத்து வந்து வரிவரியாகத் தமிழில் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக ஒரு புத்தகத்தைப் படித்தது அதற்கு முன்பு இல்லை. நான் ஓடிக் கடந்த இடங்களிலெல்லாம் அவர் நிறுத்தினார். அந்தப் பக்கம் முதன்முதலில் போன வெள்ளைக்காரர்கள் சமவெளி ஏறக்குறைய ஆளில்லாமல் கிடந்ததைக் கண்டார்கள் என்று ஒரு வரி. முதல் கட்டுரையிலேயே நான் அதை 'மனிதக் காலடி படாத கன்னி நிலம்' என்று அலங்காரமாக எழுதியிருந்தேன்.

"ஏன் காலியா இருந்துச்சு?" என்று கேட்டார்.

"போடலக்கா."

"அவ்வளவு புல்லு இருக்குற எடம் சும்மா காலியா இருக்காது. முன்னாடி பின்னாடி பாருங்க."

புரட்டினேன். எட்டுப் பக்கம் தள்ளி, வேறொரு செய்திக்கு நடுவில் இருந்தது. அதற்குச் சில காலம் முன்பு மாடுகளுக்கு வெக்கை நோய் வந்து கூட்டம் கூட்டமாகச் செத்திருக்கின்றன. மாடுகளை நம்பி வாழ்ந்த மாசாய்கள் பட்டினியில் செத்திருக்கிறார்கள். மிஞ்சியவர்கள் சிதறிப் போயிருக்கிறார்கள்.

அஞ்சலை மாட்டின் கழுத்தைத் தடவிக்கொடுத்தார்.

"வெக்கைல மாடு செத்தா பாலு குடிக்கிற புள்ளயும் சேந்து சாவும். எல்லாம் செத்ததுக்கு அப்புறம் வந்து பாத்துட்டு, காலியா இருக்குன்னு எழுதிட்டாங்க. நீங்களும் எழுதிட்டீங்க."

"தப்புதான்கா."

"என் மாட்ட ஓட்டிட்டு அடுத்த வருசம் வந்து பாருங்க. இந்த பாடாங்கும் காலியாத்தான் இருக்கும்."

அன்று மத்தியானமே கோப்பிக் கடைக்குப் போய்த் துணையாசிரியரைத் தொலைபேசியில் பிடித்தேன். மூன்றாம் கட்டுரையின் கடைசி வரி தவறு, முதல் கட்டுரையில் ஒரு வரி தவறு, திருத்தம் போட வேண்டும் என்றேன்.

"சிங்கத்தப் பத்துன தொடருக்குத் திருத்தமா? யாரு கேஸ் போட்டா, சிங்கமா?"

நடந்ததைச் சொன்னேன். அவர் குரல் மாறியது. நல்ல செய்தியின் வாசனை பட்டால் அவர் குரல் தாழ்ந்துவிடும்.

"அத விடு. அந்தம்மாவப் பத்தி எழுது. மாட்டோட ஒரு படம் எடு. பால்காரப் பொண்ண வெரட்டுற குழுன்னு தலைப்பு. மொதப் பக்கம் தர்றேன். யாரு, ராவுத்தரா? பேரப் போட்டுரு."

முதல் பக்கம். மலாக்கா நிருபனாக நான் முதல் பக்கத்துக்குப் போனது அதற்கு முன் இரண்டே முறை. இரண்டும் மழையால். செய்தி வந்தால் குழு பயந்து பின்வாங்கும், மாடுகள் தப்பும் என்றும் தோன்றியது. கைக்காசு போட்டுப் படம் எடுக்கக்கூட நான் தயாராக இருந்தேன். அந்தக் கோப்பிக் கடையில் அப்போது எனக்குப் பின்னால் யாரும் காத்திருக்கவில்லை. அதனால்தான் யோசித்தேன் என்று நினைக்கிறேன்.

ராவுத்தர் செய்த குற்றம் என்ன? நான் எழுதியதை நம்பினார். நம்பி, நாலு பேருக்குப் படித்துச் சொன்னார். அதற்காக அவர் பெயரை முதல் பக்கத்தில் போட்டால் என் தவறு அவர் தலைக்கு இடம் மாறும். அதுவும் சந்தோஷமாக மாறும். என் பெயர் செய்தியின் மேலே இருக்கும், அவர் பெயர் உள்ளே இருக்கும். மறுநாளிலிருந்து ஒரே தெருவில் அவரும் அஞ்சலையும் முகம் பார்க்க முடியாது. காஜா பெராங்கில் குடியிருப்பது நான், துணையாசிரியர் அல்ல.

"வேணாங்க. திருத்தம் மட்டும் போடுங்க. என் பேரப் போட்டு," என்றேன்.

"மொதப் பக்கத்த வேணாம்னு சொல்ற மொத ஆள் நீதான். சரி, மூணு வரி தருவேன்."

மூன்று வரி தந்தார். ஞாயிறன்று ரப்பர் விலைக்குக் கீழே, பூதக்கண்ணாடிக்காரர்களுக்கென்றே கோத்த எழுத்தில் வந்தது. தவறுக்குச் சிங்கப் படத்தோடு அரைப்பக்கம், திருத்தத்துக்கு மூன்று வரி. எதையும் விடாமல் படிக்கும் ராவுத்தர்கூட ரப்பர் விலையோடு நிறுத்தியிருந்தார். வெள்ளிக்கிழமைவரை எங்கள் வட்டாரத்தில் ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆகவே திருத்தத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நானே கூட்டத்துக்குப் போவதென்று முடிவு செய்தேன்.

தொழுகை முடிந்து ராவுத்தர் வர வசதியாக, வெள்ளி மாலை நான்கரைக்குத் தலைவர் வீட்டுக் கூடத்தில் கூட்டம். தலைவர் மலாக்கா செட்டி சமூகத்தைச் சேர்ந்தவர்; சில நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கு வந்து மலாய் பேசத் தொடங்கிவிட்ட தமிழர்கள் அவர்கள். நில அளவை அலுவலகத்தில் வரைபடங்களோடு முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். வாசலில் மாவிலைத் தோரணம், வீட்டுக்குள் பேச்செல்லாம் மலாய். தமிழில் நான்கு சொல் தெரியும், அவற்றில் மூன்று பலகாரங்களின் பெயர். ஆகவே கூட்டம் மலாயில் நடந்தது. யாருக்காவது கோபம் வந்தால் மட்டும் தமிழுக்கு மாறியது.

அஞ்சலை கதவோரம் நின்றார். தலைவர் நாற்காலி காட்டியதும் உட்கார்ந்தார். என்னைப் பார்த்துத் தலைவர் புருவத்தை உயர்த்தினார்.

"செய்தி எழுத வரவில்லை. இந்தக் குழு என் கட்டுரையை வைத்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறது. அந்தக் கட்டுரை பாதி தவறு. அதைச் சொல்ல வந்தேன்," என்று மலாயில் சொன்னேன். மூன்று வரித் திருத்தத்தை மேசையில் வைத்தேன். மேசையில் அது இன்னும் சின்னதாகத் தெரிந்தது.

ராவுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். தமிழுக்கு மாறினார்.

"தம்பி, அப்ப எழுதுனது பொய்யா, இப்ப எழுதுனது பொய்யா?"

"அப்ப எழுதுனது பாதிங்க பாய். மீதி இதுல இருக்கு."

"பாதின்னு மேலயே போட்டிருந்தா நான் மீதி வந்தப்புறம் படிச்சிருப்பேன்ல? ஒங்க பேச்ச நம்பி கூட்டத்து மினிட் பொஸ்தகத்துல வேற எழுதச் சொல்லிட்டேன்."

"என் தப்புதான் பாய்."

"தப்புங்கறீங்க, சரி. என் வீட்டு ரோசாச் செடிய மூணு வாட்டி தின்னது ஆப்பிரிக்கா மாடு இல்லியே. அதுக்கு எந்தப் பக்கத்துல திருத்தம் வரும்?"

"பாய், வேலின்னு நாலு குச்சிய நட்டு வச்சா மாடு அதயும் சேத்துத்தான் திங்கும்," என்றார் அஞ்சலை. "நாளைக்கே என் வீட்டுக்காரர அனுப்புறேன், நல்லா கட்டிக் குடுப்பாரு."

"ஒன் வீட்டுக்காரர் மாட்டுக்கிட்ட சொல்லிட்டுப் போனாப் போதும் அஞ்சலை. அது கேக்கும்."

தலைவருக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லாரும் சிரித்ததால் அவரும் சிரித்தார். பிறகு என்னிடம் புத்தகத்தை வாங்கினார். நான் வெக்கை நோயையும் வெற்று நிலத்தையும் மேய்ப்பர்கள் சொன்னதையும் மலாயில் சொல்லிக்கொண்டே போனேன். அவர் பாதிதான் கேட்டார். புத்தகத்தின் நடுவில் மடித்து வைத்திருந்த வரைபடத்தைக் கண்டுபிடித்துவிட்டார். முப்பது வருடப் பழக்கம். விரித்து, மேசையில் நீவி, விரலால் அந்தக் கோட்டைத் தடவினார்.

"அபிஸ், லெம்பு டுடோக் மானா?" என்று கேட்டார். அப்படியென்றால் மாடுகள் எந்தப் பக்கம் என்று.

கோட்டுக்குக் கிழக்கே என்று காட்டினேன்.

"சிங்கம் அந்தப் பக்கம் போகாதா?"

"போகும். அங்கே சேர்ந்துதான் இருக்கிறார்கள்."

"சிங்கத்தோடு மாடு இருக்கலாம். நம் பெஞ்சோடு மாடு இருக்க முடியாதா?" என்று மற்றவர்களைப் பார்த்தார். மறுத்துப் பேச எல்லாரும் ராவுத்தரைப் பார்த்தார்கள். ராவுத்தர் கூரையைப் பார்த்தார்.

தலைவர் திடலின் வரைபடத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் விரித்தார். பென்சிலைச் சீவினார். அளவுகோல் வைத்துக் குறுக்கே ஒரு கோடு போட்டார். சாலையை ஒட்டிய பாதியில் பூச்செடியும் பெஞ்சுகளும். பின்பாதியில் மாடுகள். நடுவில் வேலி. ராவுத்தரின் ரோஜாக்கள் சாலைப் பக்கம் என்பதால் அவருக்கும் திருப்தி. எனக்குப் பெருமையாக இருந்தது. ஆப்பிரிக்காவில் பல ஆண்டுகள் இழுத்த வழக்கை மலாக்காவில் ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

அஞ்சலை எழுந்து வந்து வரைபடத்தைப் பார்த்தார். அவருக்கு எழுத்து தெரியாது. ஆனால் அந்தத் திடலின் ஒவ்வொரு பள்ளமும் தெரியும்.

"குட்டை எங்க இருக்கு இதுல?"

தலைவர் ஒரு சிறு வட்டத்தைக் காட்டினார். அது சாலைப் பக்கம் இருந்தது. பூங்காவில் அல்லி வளர்க்கலாம் என்று குழுவுக்கு ஆசை.

"புல்லு எங்களுக்கு, தண்ணி பூவுக்கா?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, அங்க எப்புடி? அந்தக் கோட்டுல தண்ணி யாரு பக்கம் போச்சு?"

நான் புத்தகத்தைத் தேடினேன். கூடத்தில் எல்லாரும் காத்திருந்தார்கள். இந்த முறை யார் செருமினாலும் அவசரப்படுவதில்லை என்றிருந்தேன். நல்லவேளையாக யாரும் செருமவில்லை. கண்டுபிடித்தேன். மாசாய்கள் நம்பியிருந்த நீர்நிலைகள் சில பூங்காப் பக்கம் போய்விட்டன. அதற்கு ஈடாகக் கிழக்கே கிணறும் குளமும் அமைத்துத் தருவதாக அரசாங்கம் வாக்குக் கொடுத்தது. அதை மலாயிலும் தமிழிலும் படித்தேன்.

"வெட்டிக் குடுத்தாங்களா?" என்றார் அஞ்சலை.

"அது இதுல இல்லக்கா."

"இல்லன்னா?"

"தெரியாதுக்கா."

தலைவரிடம் அதை அப்படியே மலாயில் சொன்னேன். தெரியாது என்ற சொல்லை இரண்டு மொழியிலும் ஒரே கூட்டத்தில் சொல்வது ஒரு நிருபனுக்குச் சுகமான காரியமல்ல. தலைவர் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அளவுகோலை ஓரமாக வைத்தார். ரப்பரை எடுத்துக் கோட்டின் நடுவில் கொஞ்சத்தை அழித்தார். வெறும் கையால், குட்டை மாடுகள் பக்கம் வரும்படி முன்னால் வளைத்து மீண்டும் போட்டார். நில அளவைக்காரர் கையால் போட்ட கோடு அது, கோணலாக இருந்தது. அவருக்கே வெட்கமாக இருந்திருக்க வேண்டும், உடனே சுருட்டி வைத்துவிட்டார்.

ராவுத்தர் மினிட் புத்தகத்தைத் திறந்தார். "போன கூட்டத்துல நான் சொன்னத அடிச்சிடட்டுமா?" என்று கேட்டார். அடிக்க வேண்டாம், கீழே எழுதுங்கள், இரண்டும் இருக்கட்டும் என்றார் தலைவர்.

நான் வீட்டுக்கு வந்து நான்காம் கட்டுரையை எழுதினேன். வெக்கை நோயில் தொடங்கினேன். மேய்ப்பர்கள் சொன்னதை இரண்டாம் பத்தியில் வைத்தேன். கோட்டையும் தண்ணீரையும் சொன்னேன். திங்கட்கிழமை தொலைபேசி வந்தது.

"படிச்சேன். நல்லாருக்கு," என்றார் துணையாசிரியர். "முடிவு எங்க? கெணறு வெட்டுனாங்களா இல்லியா?"

பின்னால் அன்றும் மூன்று பேர் காத்திருந்தார்கள்.

"தெரியலைங்க. தெரியலன்னே போடுங்க."

"தெரியலன்னு முடிச்சா வாசகன் என்ன நெனப்பான்?"

"தெரியலன்னு நெனப்பான்."

பின்னால் இருந்தவர்களுக்கு நான் கையைக் காட்டிப் பொறுக்கச் சொன்னேன். கடைசியில் தொலைபேசியில் ஒரு பெருமூச்சு கேட்டது. ஞாயிறன்று கட்டுரை அப்படியே வந்தது, கடைசி வரியோடு: 'வாக்களித்தபடி கிணறுகள் வெட்டப்பட்டனவா என்பது இதை எழுதும்வரை எனக்குத் தெரியவில்லை.' செரெங்கெட்டிப் பூங்கா அலுவலகத்துக்குக் கடிதமும் எழுதிப் போட்டேன். பதில் வரவில்லை.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அஞ்சலை பால் ஊற்ற வந்தார். முதல் நாளே ராவுத்தர் அவருக்கு முழுவதும் படித்துக் காட்டியிருக்கிறார், ரப்பர் விலையையும் சேர்த்து.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க," என்றார். "தெரியாதத தெரியாதுன்னு மொதல்லயே எழுதியிருந்தா, வெள்ளிக்கெழம மாட்ட கறக்காம வந்து ஒங்க கூட்டத்துல உக்காந்திருக்க மாட்டேன். ஏழு மாடும் அன்னிக்கு ராத்திரி முழுக்க என்னைய ஏசுச்சு."

சொல்லிவிட்டு அடுத்த வீட்டு வாசலுக்குப் போனார்.